மாத்திரையா, ஊசியா, பயிற்சியா? தீராத மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் எதை, எப்போது

மூன்று மாதத்தைத் தாண்டிய முழங்கால், முதுகு, தோள் வலியோடு வருபவருக்குக் குடும்ப மருத்துவர் தரக்கூடியவை சில வழிகள்தான்: பூசும் ஜெல், வலி மாத்திரை, நரம்பின் வலிச் செய்தியைத் தணிக்கும் மாத்திரை, ஓபியாய்டு (டிராமடால், மார்ஃபின் வகைக் கடும் வலி மருந்து), அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி, பயிற்சி. எது சீக்கிரம் கேட்கும் என்று பார்த்தால் ஊசியும் மாத்திரையும் முன்னால் நிற்கும், பயிற்சி கடைசியில் வரும். ஒரு வருடம் கழித்து யாரால் மாடிப்படி ஏற முடிகிறது என்று பார்த்தால் வரிசை ஏறக்குறையத் தலைகீழாகிறது. நாள்பட்ட வலிக்கு இரண்டாவது வரிசைதான் பொருந்தும். ஆனால் மருந்துச் சீட்டுகள் பெரும்பாலும் முதல் வரிசைப்படியே எழுதப்படுகின்றன.

எந்த வலி என்று முதலில் பிரிக்க வேண்டும்

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறையும் முதுகு வலி, அதுவும் 45 வயதுக்குள் தொடங்கியது என்றால் அது அழற்சி வாத நோயாக இருக்கலாம். அவரை வாத நோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 50 வயதுக்கு மேல் இரண்டு தோளும் இரண்டு தொடையும் சேர்ந்து விறைத்தால் அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்காமல் வலி மாத்திரை எழுதக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு வந்த புற்றுநோய் ஆகியவை முதுகு வலியின் பொருளையே மாற்றிவிடும். உட்காரும் பகுதி மரத்துப்போவது, சிறுநீர் பிரியாமல் நிற்பது, இரண்டு காலும் தளர்வது இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

உடம்பு முழுக்க வலி என்பவருக்கு வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு மூன்றும் பார்க்கலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் சாப்பிடுபவராக இருந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே.யும் சேர்த்து. வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மென்மை நோயை ஃபைப்ரோமயால்ஜியா (காரணம் பிடிபடாத பரவலான உடல் வலி) என்று எண்ணி வருடக்கணக்கில் ஓட்டுவது தடுக்கக்கூடிய தவறு.

ஸ்கேனா, ஸ்கேன் இல்லாமலா

மேலே சொன்ன எச்சரிக்கைக் குறிகள் இல்லாத முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிய 2015 ஆய்வுத் தொகுப்பில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டில் (டிஸ்க்) தேய்மானம் தெரிந்தது. ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்ற ஒரு வரியைப் படித்தவர் குனியவே பயப்படத் தொடங்குகிறார். அந்தப் பயமே முதுகை விறைக்க வைக்கிறது. ஏற்கெனவே ஸ்கேனோடு வந்தவரிடம் இந்த எண்களைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

ஜெல்லுக்கும் மாத்திரைக்கும் நடுவில்

முழங்கால், கை மூட்டுத் தேய்மானத்தில் டைக்ளோஃபினாக் ஜெல்லை முதலில் வைக்க வேண்டும். ஒரு முழங்காலில் முழு அளவு பூசினாலும், மாத்திரை விழுங்கும்போது இரத்தத்தில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான் சேர்கிறது. வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றுக்கும் சுமை குறைவு. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே ஜெல் எட்டாது.

‘ஜெல் கேட்கவில்லை’ என்பவரிடம் அளவைக் கேளுங்கள். பட்டாணி அளவு, நாளுக்கு ஒரு தடவை என்பார்கள். 1 சதவீத ஜெல்லின் உரிய அளவு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், அதாவது குழாயிலிருந்து ஏறக்குறைய 11 செ.மீ. நீளக் கோடு, நாளுக்கு நான்கு தடவை. கைக்கு ஒரு தடவைக்கு 2 கிராம். பூசிய இடத்தை ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. இப்படி இரண்டு வாரமாவது போட்ட பிறகே பலனில்லை என்று சொல்லலாம்.

மாத்திரைக்குப் போக நேர்ந்தால் ஐபுப்ரோஃபென், நேப்ராக்சன், டைக்ளோஃபினாக் மூன்றுக்கும் வலி குறைக்கும் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. ஆபத்தில் வேறுபாடு உண்டு. மாரடைப்பு, பக்கவாதம், கால் இரத்தக் குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக் மாத்திரை கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது. மாத்திரை அவசியமே என்றால், இதயத்தைப் பொறுத்தவரை நேப்ராக்சன் ஓரளவு மேல்: 250 முதல் 500 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, உணவோடு. வயது கூடியவர்களுக்கும் குடல் புண் வந்தவர்களுக்கும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மி.கி. சேர்க்க வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு ஐபுப்ரோஃபென் இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும்: அது முந்திக்கொண்டால் ஆஸ்பிரினின் இரத்தம் உறையாமல் காக்கும் வேலை தடைபடும்.

பிரஷருக்கு ‘பிரில்’ அல்லது ‘சார்ட்டன்’ என்று முடியும் மாத்திரை, கூடவே நீர் பிரியும் மாத்திரை, அதன் மேல் வலி மாத்திரை. இந்த மூன்றும் சேர்ந்தால், வாந்தி பேதியில் உடம்பு வறண்ட ஓரிரு நாளிலேயே சிறுநீரகம் நின்றுபோகலாம். கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்க வேண்டும்.

பாராசிட்டமால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது. முழங்கால் தேய்மானத்திலும் முதுகு வலியிலும் அதன் பலன் மிகச் சிறிது. பலன் உணர்கிறேன் என்பவர் நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல், மெலிந்தவர் அதைவிடக் குறைத்து, தேவைப்படும் நாளில் மட்டும் எடுக்கலாம்.

ஊசிக்கு எதிராகப் பயிற்சி

இந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்த ஆய்வே இருக்கிறது. முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, மீதிப் பேருக்குப் பிசியோதெரபி. 2020இல் வெளிவந்த முடிவின்படி, ஒரு வருடம் கழித்து 240க்குக் கணக்கிடும் வலி, முடக்க அளவுகோலில் ஊசிக் குழு சராசரியாக 55.8, பயிற்சிக் குழு 37.0, எண் குறைந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீதம் இரண்டு வருடம் 40 மி.கி. டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டை முழங்காலில் போட்ட 2017 ஆய்வில், உப்புநீர் ஊசியை விட வலி கூடுதலாகக் குறையவில்லை. குருத்தெலும்பு இழப்பு மட்டும் அதிகமானது. முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போவில் நிலை இன்னும் தெளிவு: ஊசி போட்டவர்கள் முதல் மாதம் முன்னால் இருந்தார்கள், ஒரு வருடத்தில் 54 சதவீதத்தினருக்கு வலி திரும்பியது, வெறும் மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கே திரும்பியது.

அப்படியானால் ஊசியே வேண்டாமா? வேண்டும், அளவோடு. முழங்கால் நீர் கோத்து வீங்கி இரவுத் தூக்கம் போனவருக்கு, மூட்டு இறுகிப்போகும் ‘உறைந்த தோளின்’ ஆரம்ப வலிக் கட்டத்தில் இருப்பவருக்கு, பயிற்சியைத் தொடங்கவே முடியாதவருக்கு ஓர் ஊசி சில வாரங்கள் வாங்கித் தரும். அந்த வாரங்களில் பயிற்சி தொடங்காவிட்டால் ஊசி வீண். சர்க்கரை நோயாளிக்கு அதன் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். குதிகால் தசைநாணுக்குள் ஊசி போடவே கூடாது, அறுந்துபோகலாம். விரைவில் மூட்டு மாற்று அறுவை செய்யப்போகும் மூட்டிலும் தவிர்க்க வேண்டும்.

பயிற்சி தோற்பதற்குப் பெரும்பாலும் அது சொல்லப்படும் விதமே காரணம். ‘நல்லா நடங்க, எக்ஸர்சைஸ் பண்ணுங்க’ என்பது ‘ஏதாவது ஒரு மாத்திரை போடுங்க’ என்பதற்குச் சமம். மாத்திரைக்கு எழுதுவதைப்போலவே பெயர், எண்ணிக்கை, நாள், கூட்டும் முறை, திரும்ப வரும் தேதி எல்லாம் எழுத வேண்டும். முழங்காலுக்கு ஒரு மாதிரி: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, 8 தடவை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடியாவிட்டால் தலையணை போட்டு நாற்காலியை உயர்த்தலாம். 12 தடவை எளிதாக வந்ததும் மூன்றாவது சுற்று, பிறகு தலையணையை எடுப்பது, அதன் பின் 10 முதல் 15 செ.மீ. உயரப் படியில் ஏறி இறங்குவது. குறைந்தது எட்டு வாரம்.

வலிக்கும்போது செய்யலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. பத்துக்கு ஐந்து வரை வலி வரலாம். மறுநாளுக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு வாரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வலி கொஞ்சம் கூடியதைச் சேதம் என்று நினைக்கிறார்கள். பழக்கமில்லாத தசை வேலைக்கு வந்ததன் அடையாளம் அது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு தவறு எதிர்ப் பக்கத்தில் நடக்கிறது: வலி குறைந்த ஒரு நாளில் தேங்கிய வேலை எல்லாவற்றையும் முடித்துவிட்டு மூன்று நாள் படுத்துக்கொள்வது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு செய்ய வைப்பது பாதி சிகிச்சை.

உடல் எடை கூடியவருக்கு ஒரு கணக்கு ஊக்கம் தரும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. முதுகு வலிக்கு யோகாவா, பிலாட்டஸா, நடையா என்பதில் தெளிவான வெற்றியாளர் இல்லை. விடாமல் செய்வதுதான் சிறந்தது. செலவில்லாதது வேண்டுமென்றால் நடை. முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடந்த 2024 ஆய்வில், படிப்படியாக வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற இலக்கை நோக்கி நடந்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பாக 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள்.

டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின், மற்றவை

‘எனக்கு மனநோய் மாத்திரையா?’ என்று நோயாளி கேட்கும் முன்பே விளக்கிவிட வேண்டும்: இவை இரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவைதான், ஆனால் தண்டுவடத்தில் வலிச் செய்தியைத் தடுக்கும் பாதையையும் பலப்படுத்துகின்றன. முழங்கால் தேய்மானமும் முதுகு வலியும் பகலில் படுத்துகிறது என்றால் டுலாக்செட்டின்: ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60 மி.கி., உணவோடு. முதல் வாரக் குமட்டலில்தான் பலர் விடுகிறார்கள். சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்கும் கல்லீரல் நோயாளிக்கும் கூடாது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றும். பரவலான வலியோடு தூக்கமும் கெட்டவருக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி., படுக்கைக்கு ஓரிரு மணி நேரம் முன்பு. வயதானவருக்கும், புராஸ்டேட் சுரப்பி வீக்கத்தால் சிறுநீர் தடைபடுபவருக்கும் அது விழுகையும் அடைப்பும் தரும்.

கால் வரை இறங்கும் முதுகு வலிக்குப் பிரீகாபாலின் என்ற நரம்பு வலி மருந்தை எழுதும் பழக்கத்தை விட வேண்டும். 2017 ஆய்வில் அது போலி மாத்திரையை வெல்லவில்லை, தலைசுற்றல்தான் கூடியது.

டிராமடால், மார்ஃபின் வகைக்கு வருவோம். முதுகு, இடுப்பு, முழங்கால் வலியுள்ள 240 பேரிடம் 12 மாதம் ஓபியாய்டும் மற்ற மருந்துகளும் ஒப்பிடப்பட்டன. முடிவு 2018இல் வெளிவந்தது. அன்றாட இயக்கத்தில் வேறுபாடில்லை. வலி மதிப்பெண் ஓபியாய்டு இல்லாதவர்களிடமே சற்றுக் குறைவு. பக்கவிளைவு ஓபியாய்டில் அதிகம். டிராமடாலையும் டுலாக்செட்டினையும் சேர்த்து எழுதினால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளின் மிகைப்பு, வலிப்பு இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு ஒரே நாளில் நிறுத்துவது கொடுமை: மாதத்துக்குப் பத்து சதவீதம், தேவையானால் அதைவிட மெதுவாக.

எந்த வழியை எடுத்தாலும் நான்கு முதல் எட்டு வாரத்தில் மூன்று கேள்விகளைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: கடந்த வாரம் சராசரி வலி, வாழ்க்கையை ரசிப்பதை அது எவ்வளவு கெடுத்தது, வேலைகளை எவ்வளவு தடுத்தது. சராசரி 30 சதவீதம் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். மாத்திரையில் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் நிறுத்த வேண்டும். பயிற்சியில் வலி எண் அப்படியே நின்று, தடுப்பு எண் மட்டும் இறங்கியிருந்தால் எதையும் மாற்றாமல் அடுத்த எட்டு வாரத்துக்கு எழுதித் தர வேண்டும்.