குளோ எஞ்சினை எடுத்துவிட்டு மோட்டார் போட்ட கதை

என்னிடம் இருப்பது ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம்: பதினோரு வருஷத்துப் பால்சா மர டிரெய்னர். அதில் இருந்தது மெத்தனாலில் ஓடும் 40 அளவு குளோ எஞ்சின். அந்த மெத்தனால் எரிபொருளில் ஆமணக்கு எண்ணெய் கலந்திருக்கும். பறக்கவிட்டு வந்தால் இறக்கை முழுக்க விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. "இதை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். எரிபொருளும் குதிரைக்கொம்பாகிவிட்டது. சரி, மின்சாரத்துக்கு மாறிவிடலாம் என்று புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு ட்ரோன் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ்தான். ஐந்தடி இறக்கையை மடியில் வைத்திருந்ததற்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

வேலை சுத்தம். ஃபயர்வாலில், அதாவது எஞ்சினைத் தாங்கும் மூக்குப் பலகையில், எண்ணெய் ஊறிய மரத்தைச் சுரண்டி, எபாக்ஸி பசை பூசி, பிரஷ்லெஸ் மோட்டாரை ஆடாமல் அசையாமல் பொருத்தியிருந்தார் கடைத் தம்பி. வால், இறக்கை மடல்களை அசைக்கும் சர்வோவையும் மாத்திடலாமா என்று கேட்டேன். "நல்லாத்தாண்ணே இருக்கு, எதுக்கு வீண் செலவு?" மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, லிப்போ பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய்.

கோட்டை விட்டது பேட்டரியில். கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று 400 கிராம் பேட்டரியை இறக்கைக்கு அடியில் வைத்துவிட்டார். முன்னால் இருந்த எஞ்சின், சைலன்சர், டேங்க் எல்லாம் போய்விட்டதே, மூக்கில் எடை எங்கே? தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலை கிளம்பிய வேகத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, அப்படியே மணலில் குத்தியது. புரொப்பெல்லர் இரண்டு துண்டு. வீட்டில் விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தால் சிஜி, அதாவது எடை சமநிலைப் புள்ளி, இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் பின்னால். டேங்க் இருந்த இடத்தை நானே அறுத்து, பேட்டரியை ஃபயர்வாலை ஒட்டித் தள்ளினேன். இப்போது ஒழுங்காகப் பறக்கிறது.

நிஜ விமானத்திலும் பேட்டரிதான் தலைவலி. கனடாவின் ஹார்பர் ஏர் விமான நிறுவனம், பழைய பீவர் கடல்விமானம் ஒன்றில் 450 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சினை இறக்கிவிட்டு 750 குதிரைத்திறன் மேக்னிஎக்ஸ் மின்மோட்டாரை ஏற்றி 2019 டிசம்பரில் பறக்கவிட்டது. சக்திக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 2022 ஆகஸ்டில் அது ஊர் விட்டு ஊர் போனது 72 கிலோமீட்டர், 24 நிமிடம். பெட்ரோல் எரிய எரிய விமானம் இளைக்கும். பேட்டரி காலியானாலும் அதே கனத்தோடுதான் தரையிறங்கணும். எனக்கும் முன்பு 14 நிமிடம் கிடைத்தது, இப்போது 9.

தம்பியிடம் போய்ச் சொன்னேன். முகம் வாடிவிட்டது, புது புரொப்பெல்லருக்குக் காசு வாங்கவில்லை. மோட்டார் வேலைக்கு மறுபடியும் அங்கேதான் போவேன். புதுச்சேரி லாசுப்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால் கடைப் பக்கமே பறக்கவிட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் நீங்கள் போனால் பேட்டரியை உள்ளே வைத்து, உங்கள் கண் முன்னால் சிஜி பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் பணத்தைக் கொடுங்கள்.