கொலுசின் எடையும் மனத்தின் அளவும்: சேலத்தில் ஓர் உளவியல் வகுப்பு

உளவியலின் தத்துவ, அறிவியல் அடிப்படைகளைப் பற்றி அஸ்தம்பட்டியில் ஒரு தனியார் மையம் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திய வகுப்புக்கு 1,800 ரூபாய் கட்டிச் சென்றுவந்தேன். மனநல ஆலோசனையோ தன்னம்பிக்கைப் பயிற்சியோ நாடுவோருக்கு இது பொருந்தாது. மனத்தை அளக்க முடியுமா என்ற ஒரே கேள்வியைத்தான் ஆசிரியர் விடாமல் பின்தொடர்ந்தார்.

கொடுத்த பணத்துக்கு இரண்டாம் வார வகுப்பு ஒன்றே போதும். அகத்தில் நிகழ்பவற்றுக்குக் கணிதம் பொருந்தாது என்பதால் உளவியல் முறையான இயற்கை அறிவியல் ஆகாது என்று 1786இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் எழுதியதை ஆசிரியர் விளக்கிவிட்டு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் வேலை செய்யும் மாணவர் ஒருவர் கொண்டுவந்திருந்த கொலுசுகளை எங்களிடம் கொடுத்தார். கண்களை மூடிக்கொண்டு தூக்கிப் பார்த்தோம். 50 கிராமோடு 5 கிராம் சேர்த்ததும் எல்லோருக்கும் தெரிந்தது. 500 கிராம் கட்டோடு அதே 5 கிராமைச் சேர்த்தபோது பட்டறைக்காரர் உட்பட ஒருவருக்கும் தெரியவில்லை. கூடிய எடை எவ்வளவு என்பதைவிட, முன்பிருந்த எடையில் அது எத்தனை பங்கு என்பதே முக்கியம் என்ற, ஜெர்மன் உடலியலாளர் வேபரின் விதி அன்று கையிலேயே புரிந்தது. 1860இல் ஜெர்மன் அறிஞர் ஃபெக்னர் இதிலிருந்து, வெளியே எடை போன்றவை கூடும்போது மனத்தில் புலனுணர்வு எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு கணக்கை எழுதினார். 1879இல் வுண்ட் என்ற உளவியலாளர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். ஆனால், உணரக்கூடிய ஒவ்வொரு சிறு வேறுபாடும் மனத்துக்கு ஒரே அளவு என்று ஃபெக்னர் வைத்துக்கொண்டது சோதனையில் கிடைத்த முடிவன்று, அவர் கொண்ட அனுமானம் என்பதை ஆசிரியர் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேற்பட்டவைதான் உறுதிப்பட்டன என்பதையும் அவர் மறைக்கவில்லை. மனத்தை விட்டு, வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்ற நடத்தைவாதம் மட்டும் இருபது நிமிடத்தில் முடிந்துபோனது.

குறைகளும் உண்டு. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைவிட, அச்சிட்ட குறிப்பேட்டில் புலன் உணர்வதற்கும், கோபம் முதலான உணர்ச்சிக்கும், விழித்திருக்கும் நனவுக்கும் ‘உணர்வு’ என்ற ஒரே சொல்லைப் போட்டிருப்பதால் நான்காம் வாரப் பாடத்தை நான் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. கடைசி நாளில் இதை எடுத்துச் சொன்னேன். ஆசிரியர் என் குறிப்பேட்டை வாங்கி, தம் கைப்படவே அந்தச் சொற்களைத் திருத்திக் கொடுத்தார்.