ஸ்டார் ட்ராக்கர் நீண்ட நாள் அனுபவம்: எல்லாம் சரி, அந்தத் திருகைத் தவிர

அடித்தட்டில் புதுப் பூட்டுத் திருகு மாட்டி, ட்ராக்கர் பழுதுபார்ப்பிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ட்ரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்து, நட்சத்திரங்கள் கோடாகாதபடி கேமராவை வானத்தோடு மெல்லச் சுற்றும் மோட்டார் கருவி அது. "நீங்கள்தான் வெகுநாளாக வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவரும் கேட்டிருக்கிறார். எடை, பேட்டரி, எவ்வளவு பாரம் தாங்கும் என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அதற்குள் போகவில்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். வானத்தோடு சேர்ந்து கேமரா சுற்ற வேண்டுமானால், ட்ராக்கரின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம் சரியாக அந்த அச்சு சுட்டும் வானத் துருவத்தில் இல்லை, சுமார் 0.6 டிகிரி தள்ளியிருந்து சின்ன வட்டம் போடுகிறது. அந்த நேரத்துக்கு வட்டத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கைபேசிச் செயலி சொல்லிவிடும். நாம் ஈரத் தரையில் மண்டியிட்டு, கழுத்தை ஒடித்து, ட்ராக்கரின் குட்டித் தொலைநோக்கி வழியே பார்த்து நட்சத்திரத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்துவோம். அப்புறம் பூட்டுத் திருகை இறுக்குவோம். நட்சத்திரம் நகர்ந்துவிடும்!

பழைய திருகு வலப்பக்கம் இழுக்கும். அது பழகிப்போய், முன்கூட்டியே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்து இறுக்குவேன். புதுத் திருகு மேலே தூக்குகிறது. இதற்குப் பெயர் பழுதுபார்ப்பு. போதாததற்கு, எல்லாம் முடிந்து கேமராவை ஏற்றினால் அந்தப் பாரத்தில் ட்ரைபாடின் ஒரு கால் மண்ணில் இறங்கும், மறுபடி மண்டியிட வேண்டும். தென் அரைக்கோளத்தில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அங்கே துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிக்மா ஆக்டான்டிஸ் என்ற நட்சத்திரம் வெறுங்கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம்.

நியாயமாகச் சொன்னால் இவ்வளவு கோபம் தேவையில்லை. 20 மி.மீ. லென்ஸில் அரை டிகிரி பிசகினாலும் இரண்டு மூன்று நிமிட எக்ஸ்போஷரில் ஒன்றும் தெரியாது. 135 மி.மீ. போட்டால்தான் இரண்டு மூன்று பிக்சல் இழுபடும். நான் பெரும்பாலும் எடுப்பது 20 மி.மீ.தான். கணக்கு அப்படிச் சொல்கிறது, ஆனால் இருட்டில் மண்டியிட்டிருப்பது கணக்கு இல்லை, நான்.

சரி, எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். ட்ராக்கர் இல்லாமல் பால்வீதியை எடுக்கும்போது லென்ஸ் துளை எஃப் 2.8, நேரம் 20 வினாடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 6400 என்று வைப்பேன். 20 வினாடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகிவிடும். இப்போது எஃப் 4, 160 வினாடி, ஐஎஸ்ஓ 1600. இரைச்சல், அதாவது படத்தில் பொடி தூவினாற்போல வரும் புள்ளிகள், குறையும் என்பது தெரிந்துதான் வாங்கினேன். தெரியாமல் கிடைத்தது மூலைகள். என் பழைய லென்ஸை முழுதாகத் திறந்து வைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஈசல் போல இறக்கை விரித்து நிற்கும். லென்ஸை மாற்றிவிடலாம் என்றே நினைத்திருந்தேன். எஃப் 4 என்று துளையைச் சுருக்கியதும் இறக்கைகள் சுருங்கிப் புள்ளியாகிவிட்டன. அன்டாரஸ் நட்சத்திரத்தைச் சுற்றியிருக்கும் மேகங்களின் மஞ்சளும் நீலமும் முன்பு சாம்பல் பூசினாற்போல வரும், இப்போது தனித்தனி நிறமாகத் தெரிகின்றன. ஒரே ஃபிரேமில், எந்த மென்பொருளும் இல்லாமல்.

ஆனால் வானம் நின்றால் தரை ஓடும். மோட்டாரை நிறுத்திவிட்டுத் தரையைத் தனியாக எடுத்து இரண்டையும் ஒட்ட வேண்டும். மொட்டை மலை முகடு என்றால் வேலை சுலபம். மரம் இருந்தால் தொலைந்தோம். வானத்துப் படத்தில் கிளைகள் கலங்கிப் பக்கவாட்டில் பரவியிருக்கும். தரைப் படத்தில் அதே கிளைகள் கூர்மையாக, அதைவிட ஒல்லியாக இருக்கும். ஒவ்வொரு இலை இடுக்கிலும் மங்கலான கறை மிஞ்சும். அரை வேகம் என்று ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள், வானமும் தரையும் பாதிப் பாதி கெடுவதற்கு.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். காட்டையும் மரத்தையும் முன்னால் வைத்து எடுப்பவர் அவர். ட்ரைபாடை அசைக்காமல் 16 குறுகிய எக்ஸ்போஷர் எடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும், விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் சீக்வேட்டர் மென்பொருளில் போட்டால் வானத்து இரைச்சல் கால்வாசியாகிவிடும், தரையும் தரையாகவே இருக்கும். மூலை ஈசல்கள் மட்டும் போகாது. அதையும் மீறி வாங்கித்தான் தீருவேன் என்றால், கூடவே வரும் அடித்தட்டைத் தொடாமல், உயரத்தையும் திசையையும் தனித்தனித் திருகில் மெல்ல நகர்த்தும் கனமான அடித்தட்டைத் தனியாக வாங்கிவிடட்டும்.

என்னுடையதை விற்கிறேனா என்று கேட்க வேண்டாம், விற்கவில்லை. அடுத்த அமாவாசை கழித்துக் கேட்டால் வாங்குங்கள் என்றுகூடச் சொல்லிவிடுவேன். இன்றைக்கு அந்தத் திருகின் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.