மௌனமா, கேள்வியா? குற்றக்கதைக் குழுவுக்கு ஏற்ற விமர்சன முறை

புதுச்சேரியில் ஞாயிறு மாலைகளில் எட்டுப் பேர் கூடி, அவரவர் எழுதிவரும் குற்றக்கதைகளை அலசும் சிறு குழு ஒன்றில் நானும் ஒருவன். எங்களில் மூவர் கடலூரிலிருந்து பேருந்தேறி, முள்ளோடை எல்லையைக் கடந்து வருகிறோம். தொடக்கத்தில் எங்களுக்கு முறை என்று எதுவும் இருக்கவில்லை. வயதில் மூத்தவர் முதலில் பேசுவார். அடுத்தவர் "சார் சொன்னதையேதான் நானும் நினைத்தேன்" என்பார். எழுதியவரோ ஒவ்வொரு குறைக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இளம்பெண் ஒருவர் தம் முதல் கதையைக் கொண்டுவந்த மாலையில் இந்த ஏற்பாடு உடைந்தது. 2025-இல் நடக்கும் அக்கதையில் கொலை வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 302-ஆம் பிரிவில் பதிவாகியிருந்தது. எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதையும், கொலைக்கான தண்டனை இப்போது அதன் 103-ஆம் பிரிவில் வருவதையும் சொல்லிவிட்டு, எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சிரித்தார். செய்தி முற்றிலும் சரி. ஆனால் அந்தப் பெண் அடுத்த இரண்டு வாரங்கள் வரவில்லை. அதன் பிறகே, வெளியுலகில் பெயர்பெற்ற இரண்டு விமர்சன முறைகளை மாற்றி மாற்றி ஓராண்டு பின்பற்றிப் பார்த்தோம்.

முதலாவது மில்ஃபோர்டு முறை. 1956-இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் டேமன் நைட் முதலிய அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய கூட்டத்தின் பெயரால் இது வழங்குகிறது. பிரதியை அனைவரும் முன்கூட்டியே வாசித்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொருவரும் முறைவைத்து, குறித்த நேரத்துக்குள் பேச வேண்டும். எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இரண்டாவது, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 முதல் வளர்த்தெடுத்த நான்கு படி முறை. மனத்தில் நின்றதை முதலில் பார்வையாளர்கள் சொல்வார்கள். அடுத்து, படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார். பிறகு பார்வையாளர்கள் கருத்து ஒளிந்திராத நடுநிலைக் கேள்விகளைக் கேட்பார்கள். கருத்தைச் சொல்வது கடைசிப் படி, அதுவும் படைத்தவர் இசைந்தால் மட்டுமே.

மரியாதை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் லெர்மன் முறையே சிறந்ததாகத் தோன்றும். எங்கள் மூத்தவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. "இந்தக் காட்சியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, கேட்கிறீர்களா?" என்று பேத்தி வயதுப் பெண்ணிடம் அனுமதி கேட்பது அவர்களுக்கு நாடகம் போலப் பட்டது. இரண்டு மாதத்தில் அந்தக் கூச்சம் போய்விட்டது. மில்ஃபோர்டில் இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் முதலில் பேசுபவரின் குரலே தீர்ப்பாகிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே வயதில் இளையவரே முதலில் பேச வேண்டும் என்று நாங்களாக ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம்.

குற்றக்கதைக்கென்றே உரிய சிக்கல் வேறொன்று. ஒரு வாசகர் ஒரு மர்மக்கதையை முதல்முறையாக வாசிப்பது ஒரே ஒரு தடவைதான். அதைக் கெடுப்பதே இந்தக் குழுவில் பெரிய அவமரியாதை என்பது என் கருத்து. லெர்மன் முறையில் எழுதியவர் கேள்வி கேட்கும்போது அது மிக எளிதாக நடந்துவிடுகிறது. பாதிப் பிரதியை மட்டும் வாசித்திருப்பவர்களிடம் "மைத்துனர் மீது எப்போது சந்தேகம் வந்தது?" என்று கேட்டால், கொலையாளியை அவரே காட்டிக்கொடுத்துவிடுகிறார். மில்ஃபோர்டில் எழுதியவர் மௌனமாக இருப்பதால் அந்தக் கசிவு இல்லை. ஆனால் ஒருவர் "கம்பவுண்டர்தான் என்று மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது" என்று அறிவித்ததும், மற்ற அறுவருக்கும் அது முன்பே தெரிந்ததாக ஒரு பிரமை உண்டாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் யார் மீது சந்தேகம், ஏன் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்து, எழுதியவரிடம் மட்டுமே கொடுக்கத் தொடங்கினோம். என் நாவலின் இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்த ஏழு சீட்டுகளில் ஐந்து, படகோட்டியைச் சுட்டின. அவன் கயிற்றைப் பற்றி நான் தேவையின்றி மூன்று வரி எழுதியிருந்ததே காரணம். வாய்ப்பேச்சில் இது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

அதே நாவலில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. தென்பெண்ணை முகத்துவாரத்தருகே ஒதுங்கிய சடலம் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளதா, புதுச்சேரி எல்லைக்குள்ளதா என்ற இழுபறியில் மூன்று நாள் வழக்கே பதிவாகாது. கதையின் முடிச்சு அந்தத் தாமதத்தில்தான் இருந்தது. மில்ஃபோர்டு முறையில் நடந்த கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு கூறுகிறது, ஆகவே இது நிற்காது என்று சொல்லி முடித்தார். சொன்னது நியாயம், நான் அந்த அத்தியாயத்தையே தூக்கிப்போட இருந்தேன். அடுத்த மாதம் லெர்மன் முறையில் அதையே மீண்டும் வைத்தபோது வேறொருவர், "சட்டம் இடம் கொடுத்தும் அந்த ஆய்வாளர் மூன்று நாள் ஏன் பதியவில்லை?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், பதிய மறுத்தவருக்கே கொலையில் பங்கு உண்டு என்ற திருப்பம் எனக்குக் கிடைத்தது. நடைமுறைப் பிழைகளைப் பொறுத்தவரை நடுநிலைக் கேள்வியே கூர்மையான கருவி. ஆனால் "இவ்வளவு அசட்டுத்தனமாக ஒரு கொலையாளி நடப்பானா?" என்பது கேள்விக்குறி ஒட்டிய வசவு, அதை நாங்கள் கேள்வியாகக் கொள்வதில்லை.

எந்த முறையானாலும் பேச்சு பிரதியைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதற்கான சொற்களுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. நன்னூல் அடுக்கும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறலும், முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லும் மாறுகொளக் கூறலும், போகப் போக வலுவிழந்து முடியும் சென்று தேய்ந்து இறுதலும் மர்மக்கதைக்கென்றே சொன்னவை போல இருக்கின்றன. "உங்களுக்கு முடிக்கத் தெரியவில்லை" என்பதற்குப் பதில் "கடைசி நான்கு அத்தியாயங்கள் சென்று தேய்ந்து இறுகின்றன" என்று சொன்னால், குறை முழுமையாகச் சொல்லப்படுகிறது. ஆளின் மீது விழுவதில்லை.

இப்போது, முடிவு தெரியாமல் வாசிக்க வேண்டிய புதிர்க்கதைகளுக்குச் சீட்டுகளோடு கூடிய மில்ஃபோர்டையும், முழுதாக வாசித்து முடித்த பிரதிகளுக்கும் காவல், நீதிமன்ற நடைமுறை சார்ந்த ஐயங்களுக்கும் லெர்மனையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இளம்பெண் மூன்றாம் வாரம் திரும்பி வந்தார்; பல மாதங்கள் கழித்துக் கதையையும் திருத்திக் கொண்டுவந்தார். கொலையை 2024 ஜூன் 30 நள்ளிரவை ஒட்டி நகர்த்தியிருந்தார். குற்றம் பன்னிரண்டு மணிக்கு முன் நடந்திருந்தால் பழைய சட்டம், பின் என்றால் புதிய சட்டம் என்பதால், நேரத்தைக் கணிப்பதே கதையாகிவிட்டது. காவல் அதிகாரி இம்முறை சிரிக்கவில்லை. தம் முறை வந்ததும், "சடலம் கிடந்த அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, அம்மா?" என்று கேட்டார். குளிரில் உடல் விறைப்பது தாமதமாகும் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. ஐந்தாம் அத்தியாயத்துக்காக அதை ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னார்.