கோஹா புதிய பதிப்பு: கோத்தகிரியில் ஐந்து பேர் தேடிப் பார்த்தார்கள்

கோத்தகிரியில் ஓர் அறக்கட்டளை நூலகத்தில் எனக்கு வேலை. ஒன்பதாயிரம் சொச்சம் புத்தகங்கள். வாசகர்களுக்கு ஒரு கணினி, எனக்கு ஒன்று. பட்டியலுக்குப் பல வருடமாகக் கோஹாதான். நியூசிலாந்தில் ஒரு மாவட்ட நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்த மென்பொருள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. மென்பொருள் இலவசம்தான், நிறுவித் தருபவருக்குக் கூலி உண்டு.

மே, நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு பதிப்பு வருகிறது. நாங்கள் நாலு வருடம் தள்ளிப்போட்டுவிட்டு, பழைய சர்வர் படுத்த பிறகுதான் மாறினோம். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அபராதம் எல்லாம் முன்பைவிட வேகம். நானும் பார்கோடு அடித்து, நாலு ஆங்கிலத் தலைப்புகளைத் தேடிப் பார்த்து, "சரி, ஓடுகிறது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அப்புறம்தான் வாசகர்களை உட்கார வைத்துப் பார்க்கும் யோசனை வந்தது. ஐந்து பேர், ஆளுக்கு மூன்று புத்தகம் தேட வேண்டும். நான் பின்னால் நிற்பேன், வாயைத் திறக்கக் கூடாது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

முதலில் வந்தவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். குளிரில் விரலைத் தேய்த்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித்தேடி 'தேயிலை' என்று தமிழில் அடித்தார். ஒன்றுமே வரவில்லை. "நம்மகிட்ட தேயிலைப் புத்தகமே இல்லையாம்மா?" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பதினோரு புத்தகங்கள் வரிசையாக நின்றன.

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கோஹாவுக்குள் தேடுவதற்கான அட்டவணையை உண்டாக்குவது ஜீப்ரா என்ற நிரல். அது வந்தபடியே விட்டால் லத்தீன் எழுத்துக்குத்தான் பழகியிருக்கும். தமிழுக்கு, பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு (ICU) என்ற முறைக்கு மாற்றி, அட்டவணையை முழுக்கத் திரும்பக் கட்ட வேண்டும். பழைய சர்வரில் யாரோ கையால் மாற்றி வைத்திருந்தார்கள். புதியதை நிறுவியவர் அதை மறந்துவிட்டார், நானும் தமிழில் ஒரு சொல்லைக்கூட அடித்துப் பார்க்கவில்லை. மாற்றியதும் பதினொன்றும் வந்தன.

அடுத்தது பிளஸ் டூ மாணவி. தேடல் முடிந்தது, 'பிளேஸ் ஹோல்டு' பொத்தானில் நின்றுவிட்டாள். "அக்கா, இதை அமுக்கினா ஏதாச்சும் லாக் ஆயிடுமா?" என்றாள். இந்தப் பொத்தான் இத்தனை வருடம் ஏன் சும்மா கிடந்தது என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. நல்லவேளை, வாசகர்கள் பார்க்கும் திரையில் நம் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சேர்க்க அமைப்பிலேயே ஓர் இடம் தருகிறார்கள். நாலு வரியில் பொத்தானை 'எனக்கு எடுத்து வையுங்கள்' என்று மாற்றிவிட்டேன். அந்த வசதிக்காகவே ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரையைக் குறைத்தது கைப்பேசியில் தெரியும் பொடி எழுத்துக்காக.

மற்ற மூவரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள்: தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். அதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, பதிவில் இல்லாததை அது எங்கே போய்த் தேடும்? நூலகங்கள் புத்தக விவரத்தை எழுதி வைக்கும் மார்க் (MARC) பதிவில் மாற்றுத் தலைப்புக்கு 246 என்ற புலம் இருக்கிறது. அதில் ஆங்கில எழுத்துத் தலைப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறேன், தினம் முப்பது. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி வரிசைப்படி முதலிலிருந்து போகாமல், பெரியவருக்காக 633.72-இல், தேயிலையில் ஆரம்பித்தேன்.