38,500 ரூபாய்க்கு வீட்டுக்கு வந்த ‘சுறா’

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலைதான் ஐந்தாவது மீனையும் பேப்பரில் சுற்றிக் குப்பைப் பையில் போட்டேன், மகன் ரியூஷனுக்குப் போகும்வரை காத்திருந்து. வீட்டில் சுறா வளர்க்க ஆசைப்படுகிற அம்மா அப்பாமாருக்கு என்ன தீனி, எவ்வளவு பெரிய தொட்டி எல்லாம் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

போன சனிக்கிழமை மகனுக்கு 9 வயது. நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், நாய் பூனை வளர்க்க விடமாட்டார்கள். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் மீன்களைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. காலி வீதிப் பக்கம் ஒரு அலங்கார மீன் கடைக்குக் கூட்டிப் போனேன். பெயர் போடவில்லை, போட்டால் அது வேறு தலையிடி.

ஒரு தொட்டியில் ‘ஷார்க்’ என்று ஒட்டியிருந்தது. விரல் நீளத்தில் வெள்ளிக் குட்டிகள், முதுகில் நிமிர்ந்த செட்டை, அசல் சுறா மாதிரியே. மகன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. கடைக்காரர் அவன் பெயரைக் கேட்டார், எத்தனையாம் ஆண்டு என்று கேட்டார், பிறகு தீனி உருண்டையை விரலில் வைத்துத் தண்ணீருக்குள் விட்டார். மீன்கள் வந்து விரலைக் கொத்தின. “தம்பி, நீங்களும் குடுத்துப் பாருங்க.” அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு நான் எதைக் கேட்கப் போகிறேன்?

இருந்தாலும் கேட்டேன். இது பெரிசா வளருமா? “இல்ல அக்கா, தொட்டி எவ்வளவோ மீன் அவ்வளவுதான் வளரும்.” இன்றைக்கே விடலாமா? “இந்த மருந்துல ரெண்டு மூடி ஊத்துங்க, அரை மணித்தியாலத்துல விடுங்க. மூணு நேரமும் சாப்பாடு போடுங்க, சுறா பசி தாங்காது.” இரண்டடித் தொட்டி, ஸ்டாண்ட், ஃபில்டர், லைட், நாலு வெள்ளிச் சுறா, இரண்டு சிவப்பு வால் கறுப்புச் சுறா, தீனி. 41,000 வந்தது. பிறந்தநாள் என்றதும் 38,500 ஆக்கி, ஒரு பிளாஸ்டிக் கோட்டையும் சும்மா தந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஓட்டோவில் வரும்போது அவரிடம் (என் புருஷனிடம்) போனில் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கம்.

மூன்றாம் நாள் தண்ணீர் கஞ்சித் தண்ணி மாதிரிக் கலங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின, செவுள் ரத்தச் சிவப்பு. இரவில் லைட்டைப் போட்டால் வெள்ளிக் குட்டிகள் மிரண்டுபோய்க் கண்ணாடியில் டக் டக் என்று மோதும். ஒன்றின் மூக்கு தோலுரிந்து வெள்ளையாகிவிட்டது. சிவப்பு வால் இரண்டும் கோட்டைக்காகச் சண்டை, ஒன்றின் வால் நார் நாராகக் கிழிந்திருந்தது.

கடைக்குப் போன் எடுத்தேன். “முழுத் தண்ணியையும் மாத்துங்க, ஃபில்டர் பஞ்சைப் பைப்புல நல்லாக் கழுவுங்க.” செய்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு செத்தன. திரும்ப எடுத்தேன். “முழுசா மாத்தினா சாகும்தானே அக்கா, யாரு மாத்தச் சொன்னது?” நீங்கள்தான் சொன்னீர்கள் என்றேன். லைன் கட். பிறகு பாஸ் கண்டிக்குப் போயிட்டார், பாஸ் சாப்பிடுறார், பாஸ் நாளைக்கு வருவார். வாட்ஸ்அப்பில் செத்த மீன் படம் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. வியாழக்கிழமை நேரிலேயே போனேன். “உயிருள்ள சாமானுக்கு கேரண்டி இல்ல அக்கா.” வேண்டுமென்றால் 9,000க்குப் பெரிய ஃபில்டர் இருக்கிறதாம், நஷ்டத்துக்கு இரண்டு கோல்ட் ஃபிஷ் தருவாராம். 38,500 ரூபாய்க்கு இரண்டு கோல்ட் ஃபிஷ்! பில்லை எடுத்துப் பார்த்தால் ‘அக்வேரியம் சாமான் 38,500’ என்று ஒரே வரி. மீனின் பெயரும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

நேற்றுத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து மச்சான் வந்தார், பல வருஷம் மீன் வளர்த்தவர். சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்துத் துளி விட்டார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை ஆனது. அமோனியாவாம். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் வருகிற நஞ்சு. அதைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலிலிருந்து ஆறு கிழமை பிடிக்குமாம். குடியேறியது கொஞ்சம் நஞ்சம் இருந்திருந்தாலும், குழாய்த் தண்ணீரின் குளோரினில் பஞ்சைக் கழுவி நானே கொன்றிருக்கிறேன்.

அதைவிடக் கொடுமை, இதில் எதுவுமே சுறா இல்லை. சிவப்பு வால் கெண்டைக் குடும்பம். வெள்ளி மீன் கெளிறு வகை, மீகொங் ஆற்றில் நாலு அடிக்கு மேல் வளர்கிறது, 40 கிலோவையும் தாண்டும். சூப்பர்மார்க்கெட்டில் ‘பாசா’ என்று உறைய வைத்து விற்பார்களே, அதன் நெருங்கிய சொந்தம். அதை 55 லீட்டர் தொட்டியில் நாலு!

சரி, தீனி, தொட்டி பற்றிச் சொல்கிறேன் என்றேன். கை ஓயவில்லை, கோபமும் ஓயவில்லை, இவ்வளவுதான் முடியும். வெள்ளிச் சுறாவை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம், எந்த ஃபிளாட்டுக்கும் அது சரிவராது. சிவப்பு வால் என்றால் ஒன்றே ஒன்று, நாலடித் தொட்டி, ஒளிய ஒரு இடம். அது அடியில் மேயும் மீன், அமிழும் தீனி போடுங்கள், இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, இடைக்கிடை அவித்த வெள்ளரித் துண்டு. வாங்கிய அன்றே மீன் விடச் சொல்கிற கடையில் வாங்காதீர்கள். பில்லில் மீன் பெயரை எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டு அன்ரி சொன்ன மாதிரி மிச்ச மீனை வெள்ளவத்தைக் கால்வாயில் விட்டுவிடாதீர்கள், அப்படி விட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன் (தொட்டிப் பாசி தின்ன வாங்குவார்களே, அது) நம் குளங்களில் பெருகிக் கிடப்பது போதும்.

திங்கட்கிழமை 1977க்கு அடித்து நுகர்வோர் அதிகார சபையில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். 38,500 திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லை. கிழிந்த வால்காரன் மட்டும் கோட்டைக்குள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான், மகன் ரியூஷனால் வருமுன் ஒரு வாளி தண்ணீர் மாற்ற வேண்டும்.