சருகை மாடியிலேயே மறிப்பதா, கீழே இறங்கவிட்டுப் பிடிப்பதா?

2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் வீட்டிலும் குழாய் இறக்கி உறைகிணறு போட்டோம். மாடிக்கு மேல் கவிந்திருக்கும் வேப்பமரத்தைத்தான் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் மாடி. குழாய் வாயில் தரையோடு தரையாகப் பதிக்கும் தட்டை ஜாலி (துளைத் தட்டு) விலை குறைவு, காலில் இடறாது. ஆனால் நனைந்த சருகு ஒரு கைப்பிடி போதும், அப்பளம் மாதிரி ஒட்டி அடைத்துவிடும். குமிழ் ஜாலி மூன்று நான்கு அங்குலம் எழும்பி நிற்பதால் சருகு அடியில் குவிந்தாலும் தண்ணீர் மேல்பக்கத் துளைகளில் இறங்கிவிடும். மரம் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்கே. பிளாஸ்டிக் வேண்டாம், நம் வெயிலில் நொறுங்கிப்போகும்; எவர்சில்வரில் வாங்குங்கள். கைப்பிடிச் சுவரின் அடியில் பக்கவாட்டில் துளை இருக்கும் வீடுகளுக்குக் குமிழ் பொருந்தாது. அங்கே கம்பி வலையைக் கூடுபோல வளைத்து, துளைக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

குழாய் வாயில் கொசுவலை கட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். நான் கட்டினேன். ஒரே ராத்திரி மழையில் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர், படுக்கையறைக் கூரையில் ஈரம்.

குமிழ் ஜாலியும் புழுதியை, வேப்பம்பூவைப் பிடிக்காது. அதற்குத்தான் மாடியைக் கழுவி வரும் முதல் மழையைப் பிரித்து வெளியே விடுவது. அதைப் பிடித்துவைக்க, சும்மா நுனியில் எண்ட் கேப் (மூடி) போட்ட குழாய்த்துண்டு போதும் என்பார் பிளம்பர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1000 சதுர அடி மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 93 லிட்டர். நாலு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 8 லிட்டர்தான் கொள்ளும். மூன்று மீட்டர் விட்டாலும் கால் மி.மீ. மழைக்குத்தான் வரும். குழாயில் டீ (T) இணைப்பு போட்டு, முதல் மழையை வெளியே திருப்ப வால்வு வைக்கலாம். ஆனால் மழை நடுராத்திரியில் வந்தால் யார் எழுந்து போய்த் திருப்புவது? 100 லிட்டர் டிரம், அடியில் தானே சொட்டி வடிய ஒரு சின்னத் துளை, அது தேவலை.

கீழே எதைக் கட்டுவது என்பது தண்ணீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. சம்புக்கு (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு) என்றால் ஜல்லி, மணல் போட்ட வடிகட்டித் தொட்டி வேண்டும். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை விரித்தால் மணல் கீழே இறங்காது. வருஷம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், மேல் மணலை அள்ளிக் கழுவ வேண்டும். உறைகிணற்றுக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டடிச் சதுரத்தில் வண்டல் தொட்டி போதும். வெளியேறும் குழாய் தொட்டியின் அடித்தரையிலிருந்து ஓரடி உயரத்தில், உள்முனையில் கீழ்நோக்கி ஒரு எல்போ (வளைவு இணைப்பு). மண் அடியில் தங்கும், மிதக்கும் சருகு குழாய்க்குள் போகாது. அதில் தண்ணீர் தேங்கி நிற்பதால் மூடி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

மூடிக்குக் கைப்பிடி வைக்கக் கொத்தனாரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எங்கள் சிமெண்ட் மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்தச் சோம்பலில் இரண்டு வருஷம் திறக்கவே இல்லை.